லேபிள் வைக்காத கேமரா

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் சொன்னதை மட்டும் நம்பிவிடாதீர்கள். என் மருமகள் மாரீஸ்வரி கம்ப்யூட்டரை உடைத்துப் போட்டுவிட்டாள் என்று அப்போது மாவு மில் வரைக்கும் போய்ச் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்தும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறாள். மாரீஸ்வரி உடைக்கவில்லை, திறந்தாள். இரண்டும் ஒன்றா? நீங்களும் வாராவாரம் இந்தப் பத்திரிகையில் என் கதையைக் கேட்டுக் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டீர்கள். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது அந்த மாரீஸ்வரிதான். இந்த வாரம் தன் கதை என்றதும் பேனாவை மூடப் பார்த்தாள். திட்டப் போவதில்லை, எழுது என்று சொல்லி உட்காரவைத்திருக்கிறேன்.

ஆமத்தூரில் எங்கள் வீட்டு முன்னறை. உச்சி வெயில் நேரம். கம்ப்யூட்டர் பெட்டியின் ஒரு பக்கத் தகடு சுவரில் சாய்ந்திருக்கிறது. மாரீஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சைக்கிள் பம்பால் உள்ளே இருந்த தூசியை ஊதுகிறாள். இலவம் பஞ்சு மாதிரி பறக்கிறது. எனக்குத் தும்மல். வாசலில் பேச்சியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது அந்த நேரத்தில்தான்.

முன்னறைக்கு அது வந்த விதம்

மாரீஸ்வரி கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். வெடிமருந்து செலுத்துகிற ரூமில் வேலை. இடது முன்கையில் ஒரு தழும்பு உண்டு. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். நானும் அவளை எழுதச் சொல்ல மாட்டேன்.

என் மகன் கருப்பசாமி குவைத்துக்குப் போனபிறகு, இவள் விருதுநகரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தாள். அப்புறம் சிவகாசியில் மூடிய ஒரு அச்சாபீஸிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை முன்னறையில் கொண்டுவந்து வைத்தாள். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போடுவது, கல்யாணப் பத்திரிகை எழுதுவது என்று ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் பொத்தானை அமுக்குவது என்ன வேலை என்பார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்போது அதே எண்ணம்தான். கம்பெனி வண்டி விடியற்காலம் தெருமுனைக்கு வருகிறது, ஏறினால் வேலை. இது என்ன, யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு?

ஒரு தீபாவளி சீசன் பார்ப்போம், தொழில் நிற்கவில்லை என்றால் மறுபடி வண்டியில் ஏறிவிட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். மாரீஸ்வரி சரி என்றாள். சரி என்று சொல்லும்போது அந்த இடது கையை வலது கையால் மூடிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன்.

இதற்கு நடுவில் கருப்பசாமி, ஊருக்கு வந்த ஒரு ஆள் மூலம் கேமரா ஒன்று கொடுத்தனுப்பினான். கோழிமுட்டை அளவு இருக்கும். பேர், ஊர் எதுவும் அதன்மேல் எழுதியிருக்காது. கம்ப்யூட்டர் மேல் அதை உட்காரவைத்து வயரைச் செருகினால், வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு நாளில் அங்கிருந்து அவன் முகம் வரும், இங்கிருந்து எங்கள் முகம் போகும். நான் வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு உட்காருவேன். அவன் சிரித்தால் கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பு வரும். வாய் முந்தி, சத்தம் பிந்தி. எனக்கு அதுவே போதும்.

பன்னிரண்டு லேபிளும் நீலத்திரையும்

அந்த சீசனில் ஒரு நல்ல ஆர்டர் வந்தது. பன்னிரண்டு வகைப் பட்டாசுக்குப் பன்னிரண்டு லேபிள். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அதையெல்லாம் சிடியில் ஏற்றிச் சிவகாசி அச்சாபீஸில் கொடுக்க வேண்டும். பிந்தினால் அந்த மிஷினில் வேறு ஆள் லேபிள் ஏறிவிடும். ஆர்டர் கொடுத்த ஏஜெண்டும் அப்புறம் எங்கள் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

அதற்குப் பத்து நாள் முன்னால்தான் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சாத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து, உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றினார். சிடி இருந்தால் கொடுங்கள் என்றார். ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்த கட்டைக் கொடுத்தேன். கேமராவுக்குரிய சிடி அதில் இல்லை என்றார். தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து, எல்லாக் கேமராவுக்கும் இது போதும் என்று போட்டுவிட்டுப் போனார். அந்த வெள்ளிக்கிழமை கருப்பசாமி முகமும் வந்தது, கொஞ்சம் பச்சையாக.

அன்றிலிருந்து ஆரம்பித்தது தொல்லை. பாதி லேபிள் முடிந்திருக்கும். திடீரென்று திரை முழுக்க நீலம், அதில் வெள்ளை எழுத்து. மவுஸ் எலியைத் தட்டினாலும் அசையாது. அணைத்துப் போட்டால் செய்த வேலை போயிருக்கும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நாலு தடவை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டால், பெட்டியைச் சாத்தூருக்குக் கொண்டுவாருங்கள், பத்து நாள் ஆகும் என்றார். எங்கள் வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தெருமுனைக்குப் போய்க் கம்பெனி வண்டிக்காரரிடம், திங்கட்கிழமையிலிருந்து எங்கள் வீட்டு ஆள் ஒன்று வரும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

எந்த ரூம்?

எங்கள் பக்கத்தில் எங்காவது பெரிய சத்தம் கேட்டால், என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. என்ன ஆச்சு என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கம்பெனி, எந்த ரூம் என்றுதான் கேட்போம்.

பட்டாசுக் கம்பெனியில் ரூம்களை ஒட்டிக் கட்டமாட்டார்கள். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் வெட்டவெளி விட்டிருப்பார்கள், ஒன்றில் பிடித்தது மற்றதற்குப் போகக்கூடாது என்று. ஒரு ரூமுக்கு இத்தனை பேர்தான் என்று சுவரில் எழுதியிருக்கும். ரூம் எது என்று தெரிந்தால் யார் வீட்டு ஆள் என்று தெரிந்துவிடும். ஒருமுறை ஆனைக்குட்டம் கண்மாய்ப் பக்கம் நான் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தபோது அப்படி ஒரு சத்தம் கேட்டது. கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். வழியெல்லாம் எல்லோர் வாயிலும் அந்த ஒரு கேள்விதான். அன்றைக்கு எங்கள் ஆள் இல்லை. வேறு யாருடைய ஆளோ. அந்த நிம்மதிக்கு இன்றைக்கும் கூச்சப்படுகிறேன்.

மாரீஸ்வரி நீலத்திரையைப் பார்த்துக் கேட்டதும் அதைத்தான். எல்லோரும் அணைத்துப் போடு, தட்டிப் பார் என்று சொன்னபோது, அவள் அணைக்காமல் அந்த வெள்ளை எழுத்துக்குள் எதையோ தேடினாள். எட்டு எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் மூன்று எழுத்து. அதைக் கழிவு லேபிள் ஒன்றின் முதுகில் எழுதிக்கொண்டாள்.

அது என்ன என்று கேட்டேன். கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒவ்வொரு சாமானுக்கும் உள்ளே ஒரு டிரைவர் உண்டாம். நம் பட்டாசு ரூமில் வேலை வாங்குகிற போர்மேன் மாதிரி. பிரிண்டருக்கு ஒருவர், ஸ்பீக்கருக்கு ஒருவர், ஸ்கேனருக்கு ஒருவர். அந்தச் சாமானின் பாஷை அவருக்குத்தான் தெரியும். விழுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் சொல்லிவிட்டுப் போனது ஒரு போர்மேன் பேரை. அவர் எந்தச் சாமானுக்குரியவர் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

“பேரு இருக்கு, ரூம் நம்பர் இல்ல அத்தை” என்றாள்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும்.

முதலில் பெட்டியைத் திறந்து தூசியை ஊதியது, சூட்டினால் விழுகிறதோ என்று பார்க்கத்தான். அது இல்லை என்றானதும் தகட்டை மூடிவிட்டு ஒழுங்காக உட்கார்ந்தாள். திரையில் ஒரு பட்டியலைத் திறந்தாள். அதில் எல்லாச் சாமானும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டு உள்ளே போனால், அதற்கு வேலை பார்க்கிற டிரைவர்களின் பேர் வரும். கையில் இருக்கிற பேரோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்க்க வேண்டும். சிலதுக்கு ஒரு பேர், சிலதுக்கு ஏழெட்டு.

பார்த்து முடித்த சாமான்மேல் ஒரு கழிவு லேபிளைக் குப்புற வைத்தாள். அது எங்கள் பழக்கம். நான் லேபிள் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பொறுக்குகிற மேசையில் இருந்தவள். நல்ல லேபிள் ஒரு பக்கம், நிறம் வழிந்தது, வெட்டு கோணியது எல்லாம் கழிவில். பார்த்து முடித்த கட்டின் தலையில் ஒரு கழிவைக் குப்புறப் போட்டுவிட்டால், அதை மறுபடி யாரும் தொடமாட்டார்கள். என் மேசைப் பழக்கத்தை எப்போது பார்த்து எடுத்துக்கொண்டாளோ, தெரியவில்லை.

பிரிண்டர் மேல் ஒரு தாமரை லேபிள். ஸ்கேனர் மேல் ஒரு ராக்கெட். ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. அவசரமே இல்லை. எனக்குத்தான் அவசரம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது, ஏழு லேபிள் பாக்கி.

கடைசியில் எழுந்து கையை உதறினாள். எது என்று தெரிந்ததா என்று கேட்டேன்.

“தெரியல அத்தை” என்றாள்.

குப்புற வைக்காத ஒன்று

புதன்கிழமை அவள் வேலை செய்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஒரு பூ இதழுக்கு நிறம் கொடுப்பாள், உடனே சேமிப்பாள். ஒரு எழுத்தை நகர்த்துவாள், சேமிப்பாள். அப்படியும் இரண்டு தடவை நீலம் வந்துவிட்டது. மத்தியானம் வரைக்கும் ஒரே ஒரு லேபிள்தான் முடிந்தது.

நான் மோர் கொண்டுபோனேன். வைக்க இடம் வேண்டுமே என்று லேபிள்களை ஒதுக்கும்போதுதான் கவனித்தேன். எல்லாச் சாமான் மேலும் ஒன்று இருக்கிறது. திரைக்குமேல் உட்கார்ந்திருக்கிற கேமரா மேல் மட்டும் இல்லை.

எழுத்துத்தான் எனக்குத் தெரியாது. மேசையில் எதைப் பார்த்தாயிற்று, எதைப் பார்க்கவில்லை என்பது தெரியும். மாரீஸ்வரி ஒன்றை விட்டுவிடுகிற ஆளும் இல்லை.

“அது மேல மட்டும் ஏந்த்தா லேபிள் வைக்கல?”

அவள் திரும்பவில்லை. “பாத்தாச்சுன்னு வச்சா கேமராவைக் கழட்டணும் அத்தை.”

“கழட்டுனா என்ன?”

“வெள்ளிக்கிழமை பூ வச்சுக்கிட்டு எங்கன போயி உக்காருவீக?”

நான் கையில் மோர் டம்ளரோடு நின்றேன். செவ்வாய்க்கிழமையே கண்டுபிடித்திருக்கிறாள். நீலத்திரையில் வந்த பேர் கேமராவின் டிரைவர் பேர்தான். கழற்றினால் வேலை ஓடும். கழற்றாவிட்டால் திங்கட்கிழமை வண்டி வரும். தெரிந்தேதான் ஒவ்வொரு இதழாகச் சேமித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளும் பார்க்க வேண்டிய முகம்தான் அது. அவள் புருஷன் முகம். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் டம்ளரை வைத்துவிட்டுக் கேமரா வயரைப் பிடித்து இழுத்தேன்.

“அத்தை, அப்படிப் புடுங்கப்படாது. அதுக்கு ஒரு முறை இருக்கு” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவளே திரையில் என்னென்னவோ செய்து அந்த டிரைவரை அப்புறப்படுத்திவிட்டு, வயரைப் பக்குவமாக உருவி என் கையில் கொடுத்தாள். நான் கேமராவை அரிசிப் பானைக்குப் பக்கத்தில், துணியில் சுற்றி வைத்தேன்.

அதற்குப் பிறகு நீலம் வரவே இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டும் முடிந்து, சிடியை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். அச்சாபீஸில் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்றார்களாம். எங்கள் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை வண்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கருப்பசாமி போனில் கூப்பிட்டான். குரல் மட்டும்தான். நான் பூ வைத்துக்கொள்ளவில்லை.

பேர் ஒட்டாத சாமானின் பேர்

இத்தோடு விட்டிருந்தால் அவள் மாரீஸ்வரி இல்லை. இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது.

சனிக்கிழமை கேமராவை மறுபடி செருகி, திரையில் எங்கேயோ ஆழத்தில் போய் ஒரு நம்பரை எடுத்தாள். வெளியே பேர் ஒட்டாத சாமானுக்கும் உள்ளே ஒரு நம்பர் உண்டாம். முதல் நாலு எழுத்து யார் செய்தது என்று சொல்லுமாம். அடுத்த நாலு எழுத்து அது என்ன சாமான் என்று சொல்லுமாம். வீட்டு நெட்டில் காசு தீர்ந்திருந்ததால், அதைக் குறித்துக்கொண்டு விருதுநகர் பிரவுசிங் சென்டருக்குப் போனாள்.

வந்தவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த நம்பரைப் போட்டுத் தேடியதில், அது எந்தக் கம்பெனிக் கேமரா, அதற்குரிய டிரைவர் பேர் என்ன என்று வந்திருக்கிறது. மெக்கானிக் போட்டது வேறு கேமராவுக்குரியது. வேறு ரூம் போர்மேனைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினால் அவர் என்ன செய்வார், பாவம்? தெரிந்த வரைக்கும் சமாளித்திருக்கிறார், முடியாத இடத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக் கவிழ்த்திருக்கிறார். சரியானதை அங்கேயே இறக்கப் பார்த்தாளாம். மூன்று தடவை பாதியில் லைன் அறுந்துவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் வந்து கேட்டாள்.

“குவைத்து டப்பாவுக்குள்ள குட்டி சிடி ஒண்ணு இருந்துச்சா அத்தை? உள்ளங்கை அகலம்தேன் இருக்கும். நெட்டுல இருந்த படத்துல பாத்தேன்.”

இருந்தது. கேமரா வந்த அன்றைக்கு, மாரீஸ்வரி வெளியே போயிருந்த நேரத்தில் கொண்டுவந்த ஆளே டப்பாவைப் பிரித்துப் பொருத்திவிட்டுப் போனார்; அப்புறம் நான்தான் அந்தச் சிடியை மற்றவற்றோடு அடுக்கப் போனேன். மேசைப் புத்தி. எல்லாம் ஒரே அளவு, இது மட்டும் சின்னது. எங்கள் மேசையில் அளவு குறைந்து வந்தால் வெட்டில் போனது என்று அர்த்தம், கழிவு. யாரையும் கேட்கத் தேவையில்லை. இதையும் கழிவு என்றே நினைத்தேன். ஆனால் பளபளவென்று இருந்ததா, தூக்கிப் போட மனசு வரவில்லை. மொட்டைமாடியில் சீனியவரைக்காய் வத்தல் காயப்போடுகிற இடத்தில், காக்காய் வராமல் இருக்க நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அது நாலைந்து மாதமாக வெயிலில் சுற்றிக்கொண்டிருந்தது.

சொல்லி முடித்துவிட்டு, அவள் கத்தட்டும் என்று காத்திருந்தேன். கத்துகிற அளவுக்கு நியாயம் அவள் பக்கம் இருந்தது. என் ஒரு புத்தியால் அவள் மறுபடி மருந்து ரூமுக்குப் போகிற நிலைமை வந்ததே.

அவள் மாடி ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன். நூல் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“காக்கா வந்துச்சா?” என்று கேட்டாள்.

“ஒண்ணுகூட வரல” என்றேன்.

“அப்ப அந்த வேலையை ஒழுங்காத்தேன் பாத்துருக்கு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வத்தலைக் கிண்டிவிட்டேன்.

சோப்புத் தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தாள். வட்டமாகத் துடைத்தால் கீறிவிடுமாம். சிடி வைக்கிற தட்டில், பெரிய வட்டத்துக்குள்ளே ஒரு சின்ன வட்டம் பள்ளமாக இருந்தது. இத்தனை நாள் அந்தத் தட்டைத் துடைத்திருக்கிறேன், அது எதற்கு என்று யோசித்ததே இல்லை. குட்டி சிடி அதில் அச்சாகப் போய் உட்கார்ந்தது.

கம்ப்யூட்டர் முனகியது. வேண்டாம் என்று தட்டை வெளியே தள்ளியது. மறுபடி துடைத்து வைத்தாள், மறுபடி தள்ளியது. மூன்றாவது தடவை முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டது. முடிந்ததும் அவள் திரும்பவும் பட்டியலைத் திறந்து, கேமராவைத் தொட்டு, உள்ளே வந்த பேரைப் பிரவுசிங் சென்டரில் எழுதி வந்த பேரோடு விரல் வைத்து ஒத்துப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக. அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

திரையில் இரண்டு முகம் வந்தது. கருப்பசாமி இல்லை, அவனுக்கு அன்றைக்கு லீவு இல்லையே. நாங்கள் இரண்டு பேரும்தான். என் மூக்குத்தி மினுங்கியது, நிறமெல்லாம் சரியாக இருந்தது. மருமகளும் நானும் ஒன்றாக ஒரு போட்டோகூட அதுவரை எடுத்ததில்லை. சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் வந்து, கோளாறுதான் என்ன என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஒரு சாமானுக்கு வேற சாமானோட டிரைவரைப் போட்டுருந்தாக மாமா. அம்புட்டுதேன்” என்றாள் மாரீஸ்வரி. மொட்டைமாடி, நூல், காக்காய் எதுவும் அவள் வாயில் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. இப்போது நான் சொல்லித்தான் வெளியே வருகிறது.

திங்கட்கிழமை

விடிந்தும் விடியாமலும் வண்டி ஹாரன் அடித்தது. மாரீஸ்வரி பழைய வேலைச் சேலையைக் கட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸைக் கையில் பிடித்து வாசற்படியில் நின்றாள். ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டாள், கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஆனாலும் மாமா கொடுத்த வாக்கை மாமாதான் எடுக்க வேண்டும் என்று நின்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன். கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் கொல்லையிலிருந்து வந்தார். அவளைப் பார்த்தார். கையில் இருந்த டிபன் பாக்ஸை வாங்கிப் படியில் வைத்துவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார்.

“ஏலே, என் மருமக வரமாட்டா. அவளுக்கு வீட்டுல வேலை கெடக்கு.”

வண்டிக்காரர் விடவில்லை. வீட்டில் அப்படி என்ன வேலை என்று கேட்டார். எனக்கே அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

“அதைச் சொல்ல எனக்குத் தெரியாதுலே. ஆனா ஒரு சாமான் நின்னுபோச்சுன்னா, எதுனால நின்னுச்சுன்னு அவளுக்குத் தெரியும்” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

வண்டி போய்விட்டது. அவர் திரும்பி வந்து, படியில் இருந்த டிபன் பாக்ஸைத் திறந்து, அங்கேயே உட்கார்ந்து அவளுக்குக் கட்டியிருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்று—

இருங்கள், குழாயில் காற்று சீறுகிற சத்தம் கேட்கிறது. எட்டு நாள் கழித்துத் தண்ணீர் விடுகிறார்கள். பேச்சியம்மாள் அதற்குள் இரண்டு குடத்தை வரிசையில் வைத்திருப்பாள். ஏத்தா, பேனாவை வை, அந்தப் பெரிய அண்டாவை ஒரு கை பிடி.